இல்லாத மூலத்தின் நகல்: கன்ப்ளா பற்றிச் சில குறிப்புகள்

'கன்டம்' என்ற ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடரில் வரும் ராட்சத எந்திரங்களைப் பிளாஸ்டிக் துண்டுகளிலிருந்து கட்டி எழுப்புவதற்குக் 'கன்ப்ளா' என்று பெயர். நானும் கட்டுகிறவன்தான். 'என்னய்யா, பண்ட வழிபாட்டைத் திட்டி எழுதிட்டு வீட்டுக்குப் போய் பொம்மை செய்றீரா?' என்று தோழர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் இது அவ்வளவு லேசுப்பட்ட பண்டம் இல்லை.

டொமினோ யொஷியுகி இயக்கிய அந்தத் தொடர் 1979 ஏப்ரலில் தொடங்கியது. அதுவரை ராட்சத ரோபோ என்றால் நன்மையின் பக்கம் நிற்கும் ஒற்றைப் பெருவீரன். கிட்டத்தட்ட ஒரு காவல் தெய்வம். டொமினோ அதை ராணுவத் தளவாடமாக இறக்கினார். டாங்கி மாதிரி தொழிற்சாலையில் தயாராகிற, குண்டு தீர்ந்துபோகிற, பழுதாகிற சாமான். ஓட்டுகிறவன் பதினைந்து வயசுப் பையன். எதிரிக்கும் முகம் உண்டு, குடும்பம் உண்டு. பணம் போட்ட குளோவர் என்ற பொம்மைக் கம்பெனிக்கு இது தோதுப்படவில்லை, பார்த்தவர்களும் குறைவு. 52 பகுதிகளாகத் திட்டமிட்டது 43-ஆம் பகுதியோடு 1980 ஜனவரியில் முடிக்கப்பட்டது. அதே ஜூலையில் பண்டாய் நிறுவனம் 300 யென் விலையில் முதல் மாதிரிப் பெட்டியைக் கொண்டுவந்தது. அப்புறம்தான் பித்து பிடித்தது. தொலைக்காட்சியில் தோற்ற பிரதியைப் பிளாஸ்டிக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையில்லை.

அந்தப் பெட்டியின் மேல் 1/144 என்று அளவு போட்டிருந்தது. கதைப்படி எந்திரத்தின் உயரம் 18 மீட்டர். 144-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். கணக்கு சரி. ஆனால் அளவு என்பது மூலம் ஒன்று இருந்தால்தானே? டாங்கி மாதிரிக்கு ஒரு டாங்கி உண்டு. இதற்கு எதுவும் கிடையாது. மூலமில்லாத நகல் என்று போத்ரியா சொன்னதைப் பக்கம் பக்கமாகப் படித்துக் குழம்பியவர்கள் இந்தப் பெட்டியின் மூடியைப் பார்த்தால் போதும். வேடிக்கை என்னவென்றால், 2009-இல் தோக்கியோவின் ஒடாய்பாவில் 18 மீட்டர் உயரத்தில் அந்த 'மூல'த்தையே எழுப்பி நிறுத்தினார்கள். முதல் நகல் வந்து 29 வருஷம் கழித்து!

கட்டுவது எப்படி? பாகங்கள் 'ரன்னர்' எனும் சட்டத்தில், கிளையில் காய் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். நிப்பரால் முதலில் தள்ளி ஒரு வெட்டு, பிறகு ஒட்டி ஒரு வெட்டு. ஒரே வெட்டாக வெட்டினால் பிளாஸ்டிக் வெளுத்துப்போகும். மிச்சமிருக்கும் பிசிறை அரத்தால் ராவி, உப்புத்தாளால் 400, 600, 1000 என்று நைஸாக்க வேண்டும். பள்ளக் கோடுகளில் மை இறக்க வேண்டும். பளபளப்பைக் கொல்ல மேல்பூச்சு. ஆரம்ப காலத்தில் பசையும் பெயிண்டும் இல்லாமல் ஒன்றும் ஆகாது. இப்போது பசையே வேண்டாம், அழுத்தினால் 'டக்'கென்று பொருந்தும். 1990-இல் வந்த எச்.ஜி. வரிசையிலிருந்து ஒரே சட்டத்தில் பல நிறம். எனக்கென்னவோ இந்த அதீதக் கச்சிதம் அலுப்பூட்டுகிறது. கை செய்ய வேண்டியதை அச்சே செய்துவிடுகிறது. தொழிலாளி உழைப்பை விற்கிறான், ரசிகனோ காசு கொடுத்து உழைப்பை வாங்குகிறான். வாங்கின உழைப்பையும் கம்பெனி குறைத்துக் கொடுத்தால் எப்படி?

சங்கடமான இடம் போர். ஜப்பானிய மாதிரித் தொழிலின் மையம் ஷிஸுவோகா, மரவேலைக்குப் பேர்போன ஊர். அங்கே மர வியாபாரத்தில் தொடங்கிய தாமியா நிறுவனம் 1960-இல் தன் முதல் பிளாஸ்டிக் மாதிரியாகக் கொண்டுவந்தது யமாட்டோ போர்க்கப்பலை. 1945-இல் ஆயிரக்கணக்கானவர்களோடு மூழ்கிய கப்பல், பதினைந்தே வருஷத்தில் பையன்கள் கையில். கன்டம் இந்த மரபின் வாரிசுதான். கதையில் மனித குலத்தில் பாதி செத்துப்போகிறது; பெட்டிக்குள் ஒரு பிணம் கிடையாது. எந்திரத்தின் அழகு மட்டும் மிஞ்சுகிறது. போரை அழகியலாக்குவது பற்றி பெஞ்சமின் எச்சரித்தது இதைத்தானே என்று கேட்டால் மறுக்க மாட்டேன்.

ஆனால் ரசிகர்கள் செய்கிற ஒரு காரியம் இந்த வாசிப்பைக் கொஞ்சம் கலைக்கிறது. புத்தம் புதுசாகக் கட்டியதன்மேல் துரு, சேறு, புகைக்கரி ஏற்றுகிறார்கள். சூடான கத்தியால் குண்டுத் துளை போடுகிறார்கள். கடைசிப் பகுதியில் தலையும் ஒரு கையும் போன நிலையில் கன்டம் மேல்நோக்கிச் சுடும் காட்சியைத் திரும்பத் திரும்பக் கட்டுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய பண்டத்தைச் சிதைப்பது கடைக்காரனின் தர்க்கத்துக்கு எதிரானது. வெற்றிச் சிலை வேண்டாம், உடைந்தது போதும் என்கிற ஒரு ருசி இதில் இருக்கிறது. நான் கட்டுவதும் பெரும்பாலும் எதிரிப் படையின் பச்சை நிற ஸாக்குகளைத்தான். பெயரில்லாமல் கும்பலாகச் சாகிற எந்திரங்கள்.

ஒட்ஸுகா எய்ஜி 1989-இல் 'கதையாடல் நுகர்வு' பற்றி எழுதினார். நாம் வாங்குவது தனித்தனிச் சாமானை அல்ல, அதன் பின்னால் ஒளிந்திருக்கும் பெரிய உலகத்தின் ஒரு துணுக்கை. துணுக்குகளைச் சேர்த்து உலகத்தைப் பிடித்துவிட்ட நுகர்வோன் ஒருநாள் தானே சாமான் செய்வான், அப்போது உற்பத்தியாளன் தேவையற்றுப் போவான் என்பது அவர் வாதம். கேட்க நன்றாயிருக்கிறது. ஆசிரியன் இறந்தான், வாசகன் பிறந்தான் என்று நாமும் இங்கே கொண்டாடினோமே, அந்த வகை. ஆனால் காப்புரிமை சாகவில்லை.

நடந்ததைப் பாருங்கள். ஸ்ட்ரீம்பேஸ் என்ற மாதிரிக் கலைஞர் குழு, கம்பெனி கொடுத்த உருவங்களோடு திருப்திப்படாமல், பாகங்களை வெட்டி ஒட்டித் தன் சொந்த வடிவங்களைச் செய்து ஹாபி ஜப்பான் பத்திரிகையில் வெளியிட்டது. பாலைவனத்துக்கு ஒரு ஸாக்கு இருந்தால் எப்படியிருக்கும், இந்தப் படைப்பிரிவின் எந்திரம் எப்படியிருக்கும் என்கிற மாதிரிக் கற்பனைகள். பெயர் தெரியாத போர்வீரர்களுக்கெல்லாம் வரலாறு முளைத்தது. பண்டாய் வழக்குப் போடவில்லை. 1983-இல், அதாவது ஒட்ஸுகா எழுதுவதற்கு ஆறு வருஷம் முன்பே, இந்த வேலைகளிலிருந்து கிளைத்த எம்.எஸ்.வி. என்ற வரிசையைத் தானே அச்சில் வார்த்துக் கடைக்கு அனுப்பியது. தொடரில் ஒரு காட்சியில்கூடத் தலைகாட்டாத எந்திரங்கள் அவை. ரசிகர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.