கொள்ளைநோயும் குழாயடியும்: மலையகத் தோட்டங்களில் நீர்ப் பாவனை பற்றிய ஒரு நோக்கு

ஒரு மக்கட் கூட்டத்தின் பழக்கவழக்கங்களுக்கு அதன் மனப்பாங்கே காரணம் என்று கொள்வது கருத்துமுதல்வாத மரபு. பழக்கத்துக்கும் பௌதிக அடித்தளம் ஒன்றுண்டு. கொவிட்-19 காலத்தில் நுவரெலியா, ஹற்றன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வீட்டு நீர்ப் பாவனை அடைந்த மாற்றம் இவ்வுண்மையைத் தெளிவுறுத்துகின்றது.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. ஆயினும் பெருந்தோட்டத்துறைக்கு விலக்களிக்கப்பட்டது. கொழுந்து பறித்தல் தொடர்ந்தது. வீட்டிலிருங்கள், கைகளை அடிக்கடி கழுவுங்கள் என்ற அறிவுரைகளுள் முதலாவது தொழிலாளிக்குப் பொருந்தவில்லை. இரண்டாவது, வீட்டுக்குள் குழாய் உண்டு என்ற எடுகோளின் மீது எழுந்தது. பல லயன்களிலோ, வரிசைக்கு ஒரு பொதுக் குழாயோ பீலியோதான் உண்டு. மலைச்சரிவின் ஊற்றிலிருந்து வரும் அந்நீரும் சனவரி முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்களிற் குன்றிவிடும். நோய் வந்ததும் அக்காலத்திலேயே.

சிறு கணக்கொன்றை நோக்குவோம். நிமிடத்துக்கு 6 லீற்றர் பாயும் குழாயைத் திறந்துவைத்து 20 விநாடி கை கழுவின் 2 லீற்றர் செலவாகும். வாளியிலிருந்து அள்ளிச் சிக்கனமாகக் கழுவினும் ஒரு லீற்றர் வேண்டும். ஐவர் கொண்ட குடும்பம் நாளொன்றுக்கு எண்முறை கழுவுமாயின் 40 லீற்றர். அதாவது 15 லீற்றர்க் குடத்தில் ஏறத்தாழ மூன்று குடங்கள். இம்மேலதிகக் குடங்களைச் சுமந்தவர் யார்? நாள் முழுதும் கொழுந்துக்கூடை சுமந்து திரும்பும் பெண்ணே. பாடசாலைகள் மூடப்பட்டுப் பிள்ளைகள் வீட்டிலிருந்தமையால் அவளது சுமை மேலும் பெருகிற்று. சுகாதார அறிவுரை அவளளவில் ஊதியமற்ற உழைப்பாக மாறியது.

தோட்ட மக்கள் சுத்தம் அறியாதவர் என்பது காலனித்துவ காலம் முதல் வழங்கிவரும் பழி. வேலை முடிந்து பீலிக்கரையிற் குளித்து வீடேகுவது அவர்களது பழைய வழக்கம் என்பதே அதற்கு மறுப்பாகும். கொவிட் காலத்தில் அவ்வழக்கமே விரிவடைந்தது: வாசலில் வாளியும் சவர்க்காரமும் வைக்கப்பட்டன, கொழும்பிலிருந்து திரும்பிய பிள்ளைகளின் உடைகள் உடனே தோய்க்கப்பட்டன. அறிவு இருந்தது, நீரே போதவில்லை.

இது புதியதன்று. 1872இல் எழுதிய 'குடியிருப்புப் பிரச்சினை' கட்டுரைகளில் எங்கெல்சு, ஏழையரின் குடியிருப்புகளிற் பிறக்கும் தொற்றுநோய் முதலாளிகளையும் தீண்டுவதாலேயே அவர்கள் சுகாதாரத்தில் அக்கறை கொள்ளத் தலைப்பட்டனர் எனச் சுட்டினார். அவ்வாண்டிலேயே இலங்கையில் தோட்டத் தொழிலாளருக்கான மருத்துவத் தேவைகள் சட்டம் இயற்றப்பட்டது. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனம் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் துரைமாருக்கு ஏற்புடையதாக்கியதும், நோயுற்ற உடல் குறைவாகவே உழைக்கும் என்ற கணக்கே. நோய் தணிய, அக்கறையும் தணியும்.

காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் நாட்டுக்கு மின்சாரம் தருகின்றன. அவற்றைச் சூழ்ந்த சரிவுகளிலேயே குடத்துக்கு வரிசை நிற்கின்றது. எனவே பற்றாக்குறை இயற்கையின் விளைவு மட்டுமன்று. நிலம் அரசினது, 1992 முதல் முகாமை கம்பனிகளினது, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணம் செலவிடச் சபைகளுக்குச் சட்டம் தடையாயிருந்தது. இவற்றிடையே குழாய்க்குப் பொறுப்பாளர் எவருமிலர்.

ஆகவே, நோய் தணிந்தபின் வாசலிலிருந்து வாளி அகன்றதாயின், அது மறதியின் விளைவு எனக் கூறுதல் பொருந்தாது. கொள்ளைநோய் ஒரு பழக்கத்தைத் தோற்றுவிக்கலாம். அதனை நிலைபெறச் செய்வது வீட்டுக்குள் வரும் குழாயே. அக்குழாயைக் கோருவதைச் சுகாதாரக் கோரிக்கையாக மட்டுமன்றி, கூலியையும் காணியையும் போன்ற உரிமைக் கோரிக்கையாகவும் கொள்ளல் வேண்டும்.