மூட்டை தூக்கும் தோள் மேடை ஏற என்ன வழி?

எங்கள் ஊர் மந்தையில் ஓர் இளவட்டக்கல் கிடந்தது. பொங்கல் சமயத்தில் ஊர்ப் பையன்கள் அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுவார்கள். காலனிப் பையன்கள் நாங்கள் தூரத்தில் நின்று பார்க்கலாம். தொடக் கூடாது. ஆனால், அதே ஊர்க்காரர்களின் களத்திலிருந்து நெல் மூட்டைகளைத் தூக்கி வண்டியில் ஏற்றியவர்கள் எங்கள் அப்பாக்கள்தான். மூட்டையைத் தொட்டால் தீட்டில்லை. கல்லைத் தொட்டால் தீட்டு.

கல்லூரிக்குப் போன பிறகுதான் நான் பளு தூக்கும் ராடைத் தொட்டேன். பல்கலைக்கழகப் போட்டி வரை போனேன். அதோடு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சில வாரங்களுக்கு முன் ஓர் ஆதிதிராவிடர் நல விடுதிக்குப் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர் அருகில் வந்தார். "அண்ணே, லீவுல அப்பா கூட லோடு ஏத்தப் போவேன். அம்பது கிலோ சிப்பத்த சாதாரணமாத் தூக்குவேன். வெயிட் லிஃப்டிங் போனா ஜெயிப்பேனா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். அவரைப் போல் நம் தெருக்களில் ஏராளமான பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சுமப்பது வேறு, தூக்குவது வேறு

சுமை தூக்குவதால் தோளும் முதுகும் உரம் பெறும். அது உண்மை. ஆனால் பளு தூக்கும் போட்டி பலத்துக்கு மட்டுமான சோதனை அல்ல. வேகம், நெகிழ்வு, நேரம் தவறாத அசைவு எல்லாம் சேர்ந்தது அது.

போட்டியில் இரண்டு வகைத் தூக்கல்கள் உண்டு. தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோய் நிறுத்துவது ஸ்னாட்ச். முதலில் தோளுக்கு எடுத்து, பிறகு தலைக்கு மேல் செலுத்துவது கிளீன் அண்ட் ஜெர்க். ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்புகள். இரண்டிலும் சிறந்த எடைகளைக் கூட்டி வருவதே மொத்தம். ஆண்களுக்கான ராடு மட்டும் 20 கிலோ, பெண்களுக்கானது 15 கிலோ. நடுவர்கள் மூன்று பேர். இரண்டு வெள்ளை விளக்கு எரிந்தால் தூக்கல் செல்லும். தலைக்கு மேலே ராடு நிற்கும்போது முழங்கை வளைந்து நிமிர்ந்தாலே சிவப்பு விளக்குதான்.

பவர் லிஃப்டிங் என்பது வேறு விளையாட்டு. ஒலிம்பிக்கில் இருப்பது இந்த இரண்டு தூக்கல்கள் மட்டுமே. நம் ஊர் ஜிம்களில் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எதில் சேருகிறோம் என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் கம்பு, பிறகுதான் இரும்பு

நான் செய்த தவறு இதுதான். பலம் இருக்கிறது என்ற தெம்பில் சேர்ந்த இரண்டாவது மாதமே எடையை ஏற்றினேன். சொல்லித் தரவும் ஆளில்லை, தடுக்கவும் ஆளில்லை. ஒருநாள் முதுகு வளைந்த நிலையில் இழுத்தேன். இடுப்பில் பிடித்தது. எட்டு மாதம் குனிந்து செருப்பு மாட்ட முடியவில்லை. அதன் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

அதனால் சொல்கிறேன்: முதல் சில வாரங்கள் ஒரு மூங்கில் கம்போ துடைப்பக் கட்டையோ போதும். கம்பைத் தலைக்கு மேல் அகலமாகப் பிடித்துக்கொண்டு முழு பஸ்கி போடுங்கள். குதிகால் தரையை விட்டு எழக் கூடாது, முதுகு நிமிர்ந்து இருக்க வேண்டும். இது வராதவருக்கு ஸ்னாட்ச் வராது. கணுக்காலும் இடுப்பும் இளகத் தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

அடுத்த கட்டம், தொடையிலிருந்து தூக்கிப் பழகுவது. பிறகு முழங்காலிலிருந்து. கடைசியாகத் தரையிலிருந்து. மேலிருந்து கீழாகப் பழகினால் தவறு எங்கே வருகிறது என்று தெரியும்.

மனதில் வைக்க வேண்டியவை நான்கு. கட்டை விரலை மற்ற விரல்களுக்கு உள்ளே மடக்கிப் பிடியுங்கள். முதலில் வலிக்கும், பிறகு பழகும். ராடு உடம்பை ஒட்டியே மேலே வர வேண்டும். காலும் இடுப்பும் முழுதாக நிமிரும் வரை கை வளையக் கூடாது. ராடை மேலே இழுத்துக்கொண்டே போவது வித்தையல்ல. அது மேலே எழும் நொடியில் அதன் கீழே நாம் போய் உட்காருவதுதான் வித்தை. மூட்டை தூக்குபவர் இதைத்தான் புதிதாகக் கற்க வேண்டும்.

தூக்கக் கற்கும்போதே கீழே போடவும் கற்றுக்கொள்ளுங்கள். முன்னால் சரிந்தால் ராடைத் தள்ளிவிட்டுப் பின்னால் நகருங்கள். பின்னால் சரிந்தால் கையை விட்டுவிட்டு முன்னால் குதியுங்கள். குறைந்த எடையில் இதைப் பலமுறை பழகினால் பயம் போய்விடும்.

மெத்தென்ற ஓட்டப்பந்தய ஷூ இதற்கு ஆகாது. எடை ஏறும்போது கால் ஆடும். பளு தூக்கும் ஷூவின் அடி கெட்டியாகவும் குதிகால் சற்று உயர்ந்தும் இருக்கும். அது விலை அதிகம். வாங்க முடியும் வரை தட்டையான கேன்வாஸ் ஷூ போதும்.

வாரம் மூன்று நாள் போதும்

தொடங்குபவருக்கு ஒன்று விட்டு ஒரு நாள் என வாரம் மூன்று நாள் பயிற்சி போதும். உடம்பைச் சூடேற்றிய பிறகு ஸ்னாட்ச் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு அல்லது மூன்று தூக்கல். பிறகு கிளீன் அண்ட் ஜெர்க் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு தூக்கல். கடைசியில் ராடை முன்தோளில் தாங்கி பஸ்கி, நான்கு முறை ஐந்து ஐந்தாக. உங்களால் அதிகபட்சம் தூக்க முடிந்ததில் 70 முதல் 80 சதவீதம் வரை வைத்தே பெரும்பாலான பயிற்சி நடக்க வேண்டும். எல்லாத் தூக்கலும் சுத்தமாக வந்தால் ஒன்றிரண்டு கிலோ கூட்டுங்கள். நான்காவது வாரம் எடையைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, எடை, எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதுங்கள். லோடு ஏற்றிய நாளையும் அதில் குறியுங்கள். பகல் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு மாலையில் ராடைத் தூக்கினால் காயம்தான் மிஞ்சும். வேலைக்குப் போன நாளில் கம்புப் பயிற்சியோடு நிறுத்துங்கள். உடம்பு வளர்வது தூங்கும்போதுதான். எட்டு மணி நேரத் தூக்கமும் பயிற்சியில் சேர்ந்தது.

தட்டில் இருப்பதற்கு வெட்கப்பட வேண்டாம்

அந்த மாணவர் இன்னொன்றும் சொன்னார். "ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்கண்ணு வீட்ல மாட்டுக்கறி சாப்பிடுறத விட்டுட்டேண்ணே." எனக்கு மனசு கனத்துவிட்டது.

60 கிலோ எடையுள்ள ஒருவர் இந்த விளையாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் புரதம் சாப்பிட வேண்டியிருக்கும். சமைத்த மாட்டுக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் கிடைக்கும். ரத்தம் ஊற இரும்புச் சத்தும் கிடைக்கும். ஏழை வீட்டுக்கு இவ்வளவு சத்தை இவ்வளவு மலிவாகத் தரும் கறி வேறில்லை. நம் தாத்தா பாட்டிகளின் உடம்பைக் காப்பாற்றிய உணவு அது. கேலி செய்பவன் உங்களுக்காக மேடையில் ராடைத் தூக்கப் போவதில்லை. பிடித்தால் தலை நிமிர்ந்து சாப்பிடுங்கள்.

சாப்பிடாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம், கொள்ளில் 22 கிராம். கருவாடு, சுண்டல், மீல்மேக்கர் எல்லாம் உதவும். சோற்றைக் குறைக்க வேண்டாம். பயிற்சிக்கு அதுவும் வேண்டும்.

வளரும் வயதில் உடல் எடையைக் குறைத்துக் கீழ்ப் பிரிவில் ஆட வேண்டாம். பட்டினி கிடந்து தண்ணீர் குடிக்காமல் எடை குறைப்பது உடம்பைக் கெடுக்கும்.

ஊசி, பவுடர்: எச்சரிக்கை

சில ஜிம்களில் "இத போட்டா மூணு மாசத்துல ஏறிடும்" என்று ஊசியோ மாத்திரையோ பவுடரோ நீட்டுவார்கள். வாங்காதீர்கள். இந்திய பளு தூக்குதலுக்கு இதனால் பெரிய தலைக்குனிவு ஏற்பட்டிருக்கிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே நம் வீராங்கனைகள் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். பிடிபட்டால் நான்கு ஆண்டு வரை தடை வரலாம். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் சாப்பிட்டேன் என்பது அங்கே பதிலாகாது. வசதியான வீட்டுப் பிள்ளை தடைபட்டால் வேறு வேலைக்குப் போய்விடும். நம் வீட்டுப் பிள்ளைக்கு அந்த நான்கு ஆண்டுதான் வாழ்க்கை.

பெண் பிள்ளைகளுக்கு

ஒலிம்பிக்கில் பெண்கள் பளு தூக்குதல் முதன்முதலில் சேர்க்கப்பட்டது 2000-ல், சிட்னியில். அதிலேயே ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி 110 கிலோவும் 130 கிலோவும் தூக்கி, மொத்தம் 240 கிலோவுடன் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். டோக்கியோவில் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்ற மீராபாய் சானு, மணிப்பூர் கிராமத்தில் விறகு சுமந்து வளர்ந்தவர்.

பளு தூக்கினால் பிள்ளை பிறக்காது என்று வீட்டில் சொன்னால் நம்பாதீர்கள். மாதவிடாய் நாட்களிலும் உடம்பு ஒத்துழைத்தால் பயிற்சி செய்யலாம். உடை பற்றித் தயங்கும் பெற்றோருக்கு ஒரு தகவல்: கை, கால் முழுவதையும் மூடும், உடம்பை ஒட்டிய உடை அணிந்து போட்டியிட 2011-லிருந்து சர்வதேச விதியே அனுமதிக்கிறது.

போட்டி நாளில்

முதல் வாய்ப்புக்குப் பயிற்சியில் தவறாமல் தூக்கும் எடையை மட்டும் கேளுங்கள். ஒருமுறை ராடில் ஏற்றிய எடை பிறகு குறையாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு கிளீன் அண்ட் ஜெர்க்கின் மூன்று வாய்ப்புகளிலும் தவறினார். மொத்தமே இல்லாமல் வெளியேறினார். மறு ஆண்டே உலக சாம்பியன் ஆனார். தோற்ற நாளோடு விளையாட்டு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சாவி யாரிடம்?

காமன்வெல்த் போட்டிகளில் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்டு கோஸ்ட்டிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற வேலூர் சதீஷ் சிவலிங்கத்தின் தந்தையும் பளு தூக்கும் வீரர்தான். வீட்டிலேயே வழிகாட்ட ஆள் இருப்பது பெரிய பலம். நம் வீடுகளில் அந்த வழிகாட்டி இல்லை. அதனால் தேடிப் போக வேண்டும்.

முதலில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பாருங்கள். அருகில் பளு தூக்கும் பயிற்சி எங்கே நடக்கிறது, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்குத் தேர்வு எப்போது என்று கேளுங்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் எல்லாச் சான்றிதழும் அதற்குச் செல்லாது. கட்டணம் வாங்கிக்கொண்டு 'சாம்பியன்ஷிப்' நடத்தும் தனியார் சங்கங்களின் காகிதத்துக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டி ஏமாறாதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட போட்டியா என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்ட பிறகே பெயர் கொடுங்கள்.

இரண்டாவது, உங்கள் ஊராட்சி. 2024-ல் கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் வழங்கப்பட்டன. உங்கள் ஊராட்சிக்கு வந்தவை எங்கே இருக்கின்றன? அந்த அறையின் சாவி யாரிடம்? ராடுக்குச் சாதி தெரியாது என்பார்கள். அது இருக்கும் அறையின் பூட்டுக்குத் தெரிகிறது. கிராம சபையில் எழுந்து கேளுங்கள். காலனிப் பிள்ளைகளும் பயன்படுத்தும் நேரத்தைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். பொதுச் சொத்தைப் பயன்படுத்த விடாமல் சாதியின் பெயரால் தடுப்பது, 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பிள்ளைகளைத் தனியாக அனுப்பாமல் பெரியவர்கள் கூடப் போங்கள்.

விடுதி மாணவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "ஜெயிப்பியான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது தம்பி. ஆறு மாசம் கம்பையும் வெறும் ராடையும் வெச்சு ஒழுங்காப் பழகு. வீட்ல போடுறதச் சாப்பிடு. நோட்டுல எழுது. அப்புறம் வா, பேசுவோம்."

போன வாரம் விடுதிக் காப்பாளர் தொலைபேசியில் பேசினார். மொட்டை மாடியில் காலை ஐந்தரை மணிக்கு நான்கு பையன்கள் மூங்கில் கம்போடு பஸ்கி போடுகிறார்களாம்.