கறி தொடாதாரையும் தாக்கும் புழு

பெரும்பாறை வட்டாரத்தில் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தோட்டங்களில் ஆட்கள் பெருகுவர். அவர்களுக்குக் கழிப்பிடம் கட்டுவது வீண் செலவென்று கருதும் உறுப்பினர்களும் உளர். அன்னார் பன்றி நாடாப்புழுவைப் பற்றிச் சிறிது அறிதல் நலம்.

சரிவர வேகாத பன்றிக்கறியை உண்டவன் குடலில் இப்புழு பல அடி நீளம் வளர்ந்து, மலத்தோடு ஆயிரக்கணக்கான முட்டைகளை வெளியேற்றுகிறது. அவற்றைப் பன்றி தின்றால் அதன் தசையில் இளம்புழுக்கள் தோன்றும். மனிதன் விழுங்கினாலோ, அவ்விளம்புழுக்கள் இரத்தத்தின் வழியே அவன் தசையிலும் கண்ணிலும் மூளையிலும் சென்று கட்டிகளாகத் தங்கும். மூளையில் தங்கியவை காக்கை வலிப்பை உண்டாக்கும். ஆகவே கறியையே தொடாத குடும்பத்தினரும் இந்நோய்க்கு விலக்கல்லர். கழுவாத கையும், மலம் கலந்த ஓடைநீர் பட்ட பச்சைக் காய்கறியும் போதும்.

இது தூரதேசத்துச் செய்தியன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் அம்மாவட்டத்தில் சுமார் 50,000 பேரிடையே நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட வலிப்பு நோயாளிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இப்புழுவின் அடையாளம் காணப்பட்டது.

வலிப்புக் கண்டவர் கையில் இரும்பைத் திணிப்பது நம்மவர் வழக்கம். வலிப்பு சில நிமிடங்களில் தானே அடங்குவது. புகழ் மட்டும் இரும்புக்கு! நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பின்னர் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. மூளையைப் படமெடுத்துப் பாராமல், கடையில் பூச்சி மாத்திரை வாங்கி விழுங்குதல் ஆகாது. கட்டி மடியும்போது வீக்கம் கண்டு வலிப்பு மிகக்கூடும்.

கழிப்பிடக் குழி ஓடைக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில், அவற்றிற்குக் கீழ்ச்சரிவில் அமைதல் வேண்டும். பன்றி புகாத கதவும், அருகே சோப்பும் நீரும் அவசியம்.