பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

எங்கள் பெருங்குடிப் பக்கத்தில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால், எல்லோரும் முதலில் கை நீட்டுவது லாரித் தண்ணீரைத்தான். "சம்ப் கழுவி எத்தனை மாசமாச்சு?" என்பார் ஒருவர். "கேன் தண்ணிக்காரனை மாத்துங்க" என்பார் இன்னொருவர். அதுவும் இல்லையென்றால் முந்தின நாள் சாப்பிட்ட ஓட்டல் சாம்பார். பழி போட ஏதாவது ஒன்று வேண்டும், அவ்வளவுதான்!

சென்ற வருடம் அந்தப் பழி என் தலையிலேயே விழுந்தது.

என் மாமியாருக்கு வயது 71. சர்க்கரை வியாதிக்காரர். காலில் ஏற்பட்ட சின்னப் புண் சீழ் பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் மருந்து ஏற்றினார்கள். ஐந்து நாளில் புண் நன்றாக ஆற ஆரம்பித்து, "நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார்கள். ஆறாம் நாள் காலையில் ஆரம்பித்தது வயிற்றுப்போக்கு. மத்தியானத்துக்குள் ஆறு தடவை. தண்ணீராக, தாங்க முடியாத நாற்றத்துடன். லேசான காய்ச்சல், அடிவயிற்றில் வலி வேறு.

தினமும் காலையில் வீட்டிலிருந்து கோதுமை ரவைக் கஞ்சி பிளாஸ்கில் கொண்டு போகிறவள் நான். என் நாத்தனார் தன் எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அண்ணி, கஞ்சிக்கு எந்தத் தண்ணி வெச்சீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். ஆனால் எனக்குச் சுருக்கென்று குத்தியது. கொதிக்க வைத்த தண்ணீர்தான். இருந்தாலும், "ஒருவேளை பிளாஸ்கைச் சரியாகக் கழுவலையோ?" என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான் செய்ய இருந்த தப்பு

என் கைப்பையில் பேதியை நிறுத்தும் மாத்திரை ஒன்று எப்போதும் இருக்கும். பிரயாணத்துக்கு உதவும் என்று வைத்திருப்பது. அத்தை படும் அவஸ்தையைப் பார்க்கப் பொறுக்காமல் அதை எடுத்துவிட்டேன். நல்ல வேளை, நர்ஸ் பார்த்துவிட்டார். "ஐயோ அம்மா, டாக்டரைக் கேக்காம குடுக்காதீங்க. உள்ளே விஷம் இருந்தா அது வெளியே வரணும். கதவைச் சாத்தி உள்ளேயே பூட்டி வெக்கலாமா?" என்றார்.

காய்ச்சலோ, மலத்தில் ரத்தமோ இருக்கும்போது இந்த மாத்திரையைத் தாமாகவே சாப்பிடுவது ஆபத்து. சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. எத்தனை வீடுகளில் இதை மிட்டாய் மாதிரி எடுத்துக் கொடுக்கிறோம்!

உறை ஊற்றிக் காத்திருந்த காலம்

டாக்டரம்மா வந்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மூடி போட்ட சின்ன டப்பாவில் மலத்தை எடுத்து உடனே சோதனைச்சாலைக்கு அனுப்பச் சொன்னார். "ரிசல்ட் வர மூணு நாளாகுமா டாக்டர்?" என்று கேட்டேன். என் பையன் சிறுவனாக இருந்தபோது அப்படித்தான் ஆயிற்று. மூன்றாம் நாள் ரிசல்ட் வந்தபோது, அவன் குணமாகி வீட்டில் பந்து விளையாடிக் கொண்டிருந்தான்!

"இல்லைம்மா, இன்னிக்கே தெரிஞ்சிடும்" என்றார் டாக்டரம்மா. எப்படி என்பதை நமக்குப் புரியும்படி அவரே விளக்கினார்.

பழைய முறைக்குக் 'கல்ச்சர்' என்று பெயர். பாலில் உறை ஊற்றிவிட்டுத் தயிராகும் வரை காத்திருப்போம் அல்லவா? அதைப்போல, மலத்தில் உள்ள கிருமிகளைத் தட்டில் வளரவிட்டு, அவை பெருகிய பிறகு இன்னது என்று பார்ப்பது. இரண்டு மூன்று நாளாவது ஆகும். சில கிருமிகள் சாதாரணத் தட்டில் வளரவே வளராது.

புது முறையில் கிருமியை வளர்ப்பதில்லை. அதன் மரபணுவைத் தேடுகிறார்கள். ஒவ்வொரு கிருமிக்கும் மரபணு என்பது வீட்டு விலாசம் மாதிரி. அந்த விலாசத்தில் அந்தக் கிருமிக்கே உரிய ஒரு வரியை மட்டும் பிடித்து, ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காக, நான்கை எட்டாகப் பிரதி எடுத்துக்கொண்டே போகிறது இயந்திரம். முப்பது தடவை இரட்டித்தால் ஒன்று என்பது நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும்! அதற்குப் பிறகு கண்டுபிடிக்க என்ன கஷ்டம்? இதுதான் பி.சி.ஆர். கொரோனா சமயத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே தத்துவம்தான். 1983-ல் இதைக் கண்டுபிடித்த அமெரிக்கர் கேரி மல்லிஸ், 1993-ல் நோபல் பரிசு பெற்றார். இப்போது இது கையடக்கமான ஒரு பெட்டிக்குள் வந்துவிட்டது. மலத்தைக் கரைத்து அதில் விட்டு இயந்திரத்தில் செருகினால் சுமார் ஒரு மணி நேரத்தில் விடை. ஒரே பெட்டியில் இருபதுக்கு மேற்பட்ட கிருமிகளைத் தேடும் வகையும் உண்டு.

குற்றவாளி அகப்பட்டான்

காலை பதினொரு மணிக்குக் கொடுத்தோம். மத்தியானம் மூன்று மணிக்கு விடை வந்துவிட்டது. லாரித் தண்ணீர் இல்லை, என் கஞ்சி இல்லை, ஆஸ்பத்திரி இட்லியும் இல்லை. 'க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில்' என்று வாயில் நுழையாத பெயருடைய ஒரு கிருமி! சோதனைச்சாலையில் வளர்ப்பதற்குக் கஷ்டமானது என்பதால்தான் அதற்கு அப்படிப் பெயராம்.

இது எங்கிருந்து வந்தது? நம் குடலில் நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. புண்ணுக்காகக் கொடுத்த ஆன்டிபயாடிக், கெட்டதோடு அந்த நல்லதையும் சேர்த்து அழித்துவிடுகிறது. களை எடுக்கப் போய்ப் பயிரையும் பிடுங்கின கதை! காலியான இடத்தில் இந்த டிஃபிசில் வந்து உட்கார்ந்துகொண்டு விஷத்தைக் கக்குகிறது. வயதானவர்கள், நாள்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள், ஆன்டிபயாடிக் எடுப்பவர்கள் இவர்களைத்தான் அது அதிகம் பிடிக்கும்.

புண்ணும் ஆறி வந்ததால், பழைய ஆன்டிபயாடிக்கை அன்றே நிறுத்தினார்கள். வான்கோமைசின் என்ற மருந்தை வாய் வழியாகக் கொடுத்தார்கள். இதே மருந்தை நரம்பில் ஏற்றினால் குடலுக்குப் போய்ச் சேராதாம். அதனால் குடிக்கத்தான் வேண்டும். பத்து நாள் கணக்கு. அத்தையைத் தனி அறைக்கு மாற்றினார்கள். உள்ளே போகிறவர்களுக்குக் கையுறை, மேலங்கி. தரையையும் கட்டில் கம்பியையும் குளோரின் கலந்த தண்ணீரால் துடைத்தார்கள்.

விடை மூன்று நாள் கழித்து வந்திருந்தால்? அதுவரை அதே மருந்து ஏறியிருக்கும். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் பரவியிருக்கலாம். அந்த இயந்திரம் மிச்சப்படுத்தியது எங்கள் நேரத்தை மட்டும் இல்லை.

கைக்குத் தடவும் திரவம் போதாது

எனக்குத் தூக்கிவாரிப் போட்ட விஷயம் ஒன்று உண்டு. வாசலில் வைத்திருக்கும் திரவத்தைக் கையில் தடவிக்கொண்டால் சுத்தமாகிவிட்டது என்றுதான் நான் நம்பியிருந்தேன். இந்தக் கிருமி விதை மாதிரி ஓட்டுக்குள் ஒளிந்துகொள்ளுமாம். ஆல்கஹால் கலந்த அந்தத் திரவத்துக்கு அது சாகாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி அனுப்பினால்தான் உண்டு. நம் பாட்டி சொன்ன 'கை, கால் கழுவிட்டு உள்ளே வா' என்பதே ஜெயித்தது!

இதைக் கேட்டதும் என் நாத்தனாருக்குப் பயம் வந்துவிட்டது. "டாக்டர், என் குழந்தைக்கும் அந்த டெஸ்ட் எடுத்துடுங்க" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "வேண்டாம்மா. ஒரு வயசுக்குள்ளே இருக்கற குழந்தைங்க குடல்லே இந்தக் கிருமி ஒரு கெடுதலும் பண்ணாம இருக்கறது சகஜம். டெஸ்ட்லே 'இருக்கு'ன்னு வரும். நாம வீணா மருந்து குடுப்போம். குழந்தையை வீட்டிலே விட்டுட்டு வாங்க, அது போதும்" என்றார்.

இதுதான் இந்தச் சோதனையின் குறையும். விலாசம் இருக்கிறது என்றுதான் அது சொல்லும். அந்த வீட்டில் ஆள் உயிரோடு இருக்கிறானா, இப்போது கெடுதல் செய்கிறானா என்று சொல்லாது. அதனால்தான் அத்தைக்கு மரபணுவோடு, விஷம் சுரக்கிறதா என்பதையும் தனியாகப் பார்த்தார்கள். கெட்டியாக மலம் போகிறவர்களுக்கு இந்தக் கிருமிக்கான சோதனை தேவையில்லை. ஒரு நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ இளக்கமாகப் போனால்தான் அர்த்தம் உண்டு. குணமான பிறகு 'போய்விட்டதா' என்று மறுபடி பார்ப்பதும் வீண். மரபணு பல நாள் காட்டிக்கொண்டே இருக்கலாம்.

சென்னை கற்றுக்கொடுத்த பாடம்

தேடுவதைத்தான் சோதனை காட்டும் என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு கதை உண்டு. 1992 அக்டோபரில் இங்கே காலரா மாதிரியே பேதி கண்டு பலர் விழுந்தார்கள். ஆனால் காலராவை உறுதி செய்ய வழக்கமாகப் பயன்படும் 'ஓ 1' என்ற ஸீரத்தில் அந்தக் கிருமி சேரவில்லை. நோயைப் பார்த்தால் காலரா, சோதனையைப் பார்த்தால் காலரா இல்லை! அதுவரை பட்டியலில் இருந்த 138 வகைகளில் எதிலும் அது அடங்கவில்லை. புதிதாக 'ஓ 139' என்று எண் கொடுத்தார்கள். வங்கக் கடலோரத்தில் கண்டதால் 'பெங்கால்' என்ற பெயரும் சேர்ந்தது. வேலூர், மதுரை, கல்கத்தா என்று போய், 1993-ல் வங்கதேசத்தையும் அது உலுக்கியது. பழைய காலராவுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது விடவில்லை.

அந்தக் கிருமி மாற்றிக்கொண்டது மேல்சட்டையை மட்டும்தான். காலரா விஷத்தை உண்டாக்கும் மரபணு உள்ளே அப்படியே இருந்தது. மேல்சட்டையைப் பார்க்கும் சோதனை ஏமாந்தது. விஷத்தின் மரபணுவைத் தேடும் சோதனையாக இருந்தால் இரண்டையும் பிடித்துவிடும்.

எல்லோருக்கும் இது வேண்டுமா?

வேண்டாம். விலை ஆயிரக்கணக்கில் ஆகும். வீட்டில் வரும் சாதாரண பேதிக்கு எந்தக் கிருமி என்பதைவிட, எவ்வளவு தண்ணீர் உடம்பிலிருந்து போயிற்று என்பதே முக்கியம். 1971-ல் வங்கதேச அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்தே காலராவில் சாவோரை நூற்றுக்கு முப்பதிலிருந்து நான்குக்கும் கீழே கொண்டுவந்தார். அவரிடம் அப்போது எந்த இயந்திரமும் இல்லை.

சகோதரிகள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியவை:

* பேதி ஆரம்பித்த உடனே ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாக்கெட் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டீஸ்பூனைத் தலை தட்டி அளக்கவும்.
* தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தைக்கு 14 நாள் துத்தநாக மருந்து கொடுப்பது பற்றி டாக்டரைக் கேளுங்கள்.
* சர்க்கரை, இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக் கொடுக்கவும்.
* மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், கண் குழிவது, சிறுநீர் குறைவது இருந்தால் காத்திருக்க வேண்டாம். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி பேதி போனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.
* ஆஸ்பத்திரியில் இருக்கும்போதோ, ஆன்டிபயாடிக் சாப்பிட்ட சில வாரங்களுக்குள்ளோ பேதி வந்தால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். "இதற்கு மலச் சோதனை வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள்.
* மீந்துபோன ஆன்டிபயாடிக்கை எடுத்துச் சாப்பிடாதீர்கள்.

அத்தைக்கு நான்காம் நாளிலிருந்து பேதி குறைந்து, பத்து நாள் மருந்தையும் முடித்து நல்லபடியாகத் தேறினார். வீடு திரும்பும் நாளில் என் நாத்தனார் பக்கத்தில் வந்து, "அண்ணி, அம்மாவுக்கு வாய் கசக்குதாம். உங்க கஞ்சிதான் வேணுங்கறாங்க" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனாலும் அந்தப் பிளாஸ்கை இரண்டு தடவை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். அதில் தப்பில்லையே!