ஆர்வம் சம்பளம் ஆகாது

மேருவில் ஒரு பிள்ளை எஸ்பிஎம் முடித்துவிட்டு "கேம் செய்யப் படிக்கப் போகிறேன்" என்றால் வீட்டில் இன்னும் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க வேண்டியதில்லை. 2023இல் உலகமே கொண்டாடிய 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டில் லாரியன் நிறுவனத்தின் கோலாலம்பூர் படைப்புக்கூடத்துக்கும் பங்குண்டு. சோனியின் பிளேஸ்டேஷன் 2020இல் கோலாலம்பூரில் கூடம் திறந்தது. மெட்ரோனோமிக்கின் 'நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்', பேஷன் ரிபப்ளிக்கின் 'கிகாபேஷ்' இரண்டும் இங்கேயே பிறந்தவை. ஓவியர், முப்பரிமாண உருவம் செய்பவர், நிரல் எழுதுபவர், பிழை தேடிச் சோதிப்பவர் என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்கு வேலை இருக்கிறது.

என் கவலை வேறு. "பிடித்த வேலை கிடைத்ததே பெரிது" என்ற நன்றியோடு உள்ளே போகும் இளையோர், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். வெளிநாட்டுப் பெருநிறுவனங்களுக்காக மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஓவிய வேலை செய்து கொடுப்பவர்கள் நள்ளிரவு தாண்டி உழைப்பதாகச் சொன்னதை 2021இல் 'பீப்பிள் மேக் கேம்ஸ்' என்ற யூடியூப் செய்திக்குழு வெளியிட்டது. 2025 ஜூலையில் 'உப்பின் இப்பின் யூனிவர்ஸ்' விளையாட்டு வெளிவந்தபோது, அதைச் செய்தவர்களுக்குச் சம்பளப் பாக்கி என்ற குற்றச்சாட்டு சமூக ஊடகத்தில் கிளம்பி மனிதவள அமைச்சு வரை போனது. குற்றச்சாட்டு தீர்ப்பு அல்ல. ஆனாலும் இந்தத் துறைக்குப் போகிறவர் சட்டம் தெரிந்து போக வேண்டும் என்பதற்கு இவையே போதும்.

முதல் ஆபத்து கூடத்துக்கு வெளியிலேயே இருக்கிறது. "கேமிங் நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவை, அனுபவம் தேவையில்லை, தங்குமிடம் இலவசம்" என்று டெலிகிராமில் வரும் விளம்பரங்களில் பல, இணையச் சூதாட்டத்துக்கு ஆள் பிடிப்பவை. 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டத்தின் கீழ் போலீஸ் சோதனை நடக்கும்போது தொலைபேசி எடுத்தவர்களும் கைதாகிறார்கள். வேலை கம்போடியாவிலோ தாய்லாந்து எல்லையிலோ என்றால் இன்னும் மோசம். அப்படிப் போன மலேசியர்கள் மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டு மீட்கப்பட்ட செய்திகளை 2022 முதல் படித்து வருகிறோம். நிறுவனத்தின் பெயர் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா, அது வெளியிட்ட ஒரு விளையாட்டையாவது காட்ட முடிகிறதா என்று பாருங்கள். வேலைக்கு முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணை அழையுங்கள், போலீஸ் புகாரும் செய்யுங்கள்.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஷா ஆலாம், சைபர்ஜெயா, புக்கிட் ஜாலில் என்று பல இடங்களில் கேம் படிப்பு உண்டு. பணம் கட்டுமுன் அந்தப் படிப்பு மலேசியத் தகுதி நிறுவனமான எம்கியூஏவின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிடுங்கள். கல்லூரி அங்கீகாரம் பெற்றது என்பதால் அதன் எல்லாப் படிப்பும் அங்கீகாரம் பெற்றது ஆகாது. தனியார் பயிற்சி மையம் "வேலை உறுதி" என்று சொல்லி ஏமாற்றினால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம்.

இப்போது வேலை. 2023 ஜனவரி 1 முதல் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தீபகற்ப மலேசியாவில் எவ்வளவு சம்பளம் வாங்கும் ஊழியருக்கும் பொருந்தும். வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை. ஆனால் மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் போனால், சட்டப்படி ஓவர்டைம் கேட்கும் உரிமை இல்லை. ஒப்பந்தம் கொடுத்தால்தான் உண்டு. புதிதாகச் சேர்பவர்களில் பலர் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளம் 2,600 வெள்ளி என்றால் அதை 26ஆல் வகுத்து நாளுக்கு 100, எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 12.50. வேலை நாளின் ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது 18.75 வெள்ளி. வெளியீட்டுக்கு முந்தைய மாதத்தில் 40 மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் 750 வெள்ளி உங்களுக்குச் சேர வேண்டும். பீட்சா வாங்கிக் கொடுத்து இதைத் தீர்க்க முடியாது. "நாம் எல்லாரும் ஒரே குடும்பம்" என்ற பேச்சும் இந்தக் கடனை அழிக்காது. எந்த நாளில் எத்தனை மணிக்கு வெளியேறினீர்கள் என்பதைச் சொந்தக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். அலுவலகக் கணினியில் இருப்பது, வேலையை விட்ட நாளில் உங்கள் கையில் இருக்காது.

அடுத்தது பலரும் கவனிக்காதது, என் பார்வையில் இந்தத் துறைக்கு மிக முக்கியமானது. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, ஊழியராக நீங்கள் வேலையில் வரைந்தது முதலாளிக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸராக ஒருவர் கேட்டுச் செய்து கொடுத்ததும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவருக்கே போகிறது. "என் ஓவியம், என் உரிமை" என்று நினைத்திருப்பவர் இங்கே ஏமாந்து போவார். அடுத்த வேலைக்குக் காட்ட வேண்டிய படைப்பையே காட்ட முடியாமல் தவிக்க நேரும். அதனால் கையெழுத்துக்கு முன் மூன்று வரிகளைக் கேட்டு வாங்குங்கள்: விளையாட்டு வெளியானபின் என் பங்கைப் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம், இடையில் விலகினாலும் பெயர்ப் பட்டியலில் என் பெயர் வரும், வீட்டில் சொந்த நேரத்தில், சொந்தக் கணினியில் செய்வது என்னுடையது. படைத்தவர் பெயரை மறைக்கக் கூடாது என்று 25ஆம் பிரிவு சொல்வது உண்மை. அதற்காக வழக்குப் போடுவதைவிட ஒரு வரி எழுதி வாங்குவது எளிது.

"விலகினால் இரண்டு ஆண்டு வேறு கேம் நிறுவனத்தில் சேரக் கூடாது" என்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, பிழைப்பைத் தடுக்கும் இத்தகைய நிபந்தனை செல்லாது என்கிறது. இரகசியக் காப்பு ஒப்பந்தம் அப்படியல்ல, அது செல்லும். வெளிவராத விளையாட்டின் படத்தை நண்பருக்கு அனுப்பினால்கூடச் சிக்கல்தான்.

2023இலும் 2024இலும் உலகெங்கும் பல்லாயிரம் பேரை இந்தத் துறை வெளியே அனுப்பியது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு திட்டத்தை நிறுத்தினால் இங்கேயும் ஆட்குறைப்பு வரும். அப்போது நடக்கும் ஒரு தந்திரத்தை அறிந்திருங்கள்: "உன் பெயர் கெடாமல் இருக்க நீயே ராஜினாமா எழுதிக் கொடு" என்பார்கள். எழுதாதீர்கள். தானாக விலகியவருக்குச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலைக் காப்புறுதி உதவித்தொகை கிடைக்காது, நீக்கத்தை எதிர்ப்பதும் கடினமாகிவிடும். வேலை போனால் 60 நாளுக்குள் பெர்கேசோவில் விண்ணப்பியுங்கள். நியாயமற்ற நீக்கம் என்றால் தொழில் உறவுத் துறையிலும் அதே 60 நாள் கெடுதான்; ஒரு நாள் தவறினாலும் வாய்ப்புப் போய்விடும்.

சம்பளம், ஓவர்டைம் பாக்கிக்கு வழக்கறிஞர் தேவையில்லை. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் வர வேண்டும். வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் நேரில் புகார் செய்யலாம், 'வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ்' செயலியிலும் செய்யலாம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் சான்று. ஊழியர் சேமநிதி (இபிஎஃப்) கணக்கையும் மாதந்தோறும் திறந்து பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்த பணம் அங்கே வரவில்லையென்றால் நிறுவனம் தள்ளாடுகிறது என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

"நீ ஃப்ரீலான்ஸர், உனக்குச் சட்டம் இல்லை" என்று சொல்லி, தினமும் ஒன்பது மணிக்கு வரவைத்து, வேலையை மேற்பார்த்து, கருவியும் கொடுத்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லாத நிலையில் உங்களை ஊழியராகவே கருத வேலைவாய்ப்புச் சட்டத்தின் 101சி பிரிவு வழி தருகிறது. உண்மையிலேயே ஃப்ரீலான்ஸ் என்றால் வேலை தொடங்குமுன் ஒரு பகுதிப் பணத்தை வாங்கிவிடுங்கள். அனுப்பிய பில்லுக்குப் பதில் இல்லையென்றால், 5,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவில் நீங்களே மனுப் போடலாம்.