நீட்டவும் சுருக்கவும் ஒரே இயந்திரம்

அலுவலக மின்னஞ்சலில் செயற்கை நுண்ணறிவுக்கு இப்போது இரண்டு வேலைகள். அனுப்புகிறவர் இரண்டு வரிக் குறிப்பைக் கொடுத்து அதை நான்கு பத்தியாக வளர்த்துக்கொள்கிறார். பெறுகிறவர் அந்த நான்கு பத்தியை மறுபடி இரண்டு வரியாகச் சுருக்கிப் படித்துக்கொள்கிறார். இடையில் கிடந்த நீளத்தை எந்த மனிதரும் எழுதவில்லை, எந்த மனிதரும் படிக்கவுமில்லை. அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் டாம் ஃபிஷ்பர்ன் 2023இலேயே இதை வரைந்துவிட்டார். அவருடைய படத்தில் ஒருவர் ஒற்றைக் குறிப்பை நீண்ட மின்னஞ்சலாக்கி, தானே எழுதியதாகக் காட்டிக்கொள்கிறார். இன்னொருவர் அதைத் திரும்ப ஒற்றைக் குறிப்பாக்கி, தானே படித்ததாகக் காட்டிக்கொள்கிறார்.

இந்த வசதி படிப்படியாக வந்தது. 2015இல் கூகுள் 'ஸ்மார்ட் ரிப்ளை' என்ற பெயரில் ஓரிரு சொல் பதில்களைப் பரிந்துரைக்கத் தொடங்கியது. 2018இல் தட்டச்சு செய்யும்போதே வாக்கியத்தை முடித்துக் கொடுக்கும் 'ஸ்மார்ட் கம்போஸ்' வந்தது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியான பிறகு வேகம் கூடியது. 2023 மார்ச்சில் கூகுளும் மைக்ரோசாஃப்டும் இரண்டு நாள் இடைவெளியில் தங்கள் அலுவலக மென்பொருள்களில் முழு மின்னஞ்சலையும் எழுதித் தரும் வசதியை அறிவித்தன. அந்த ஆண்டு நவம்பரில், அந்த வசதி அடங்கிய மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட், ஆளுக்கு மாதம் 30 டாலர் விலையில், பெரிய நிறுவனங்களுக்கு விற்பனைக்கு வந்தது. 2024 அக்டோபரில் ஐபோனிலும் மின்னஞ்சல் சுருக்கம் வந்துசேர்ந்தது.

கேட்காமலேயே நீளமாக எழுதும் பழக்கம் இந்த மென்பொருள்களுக்கு எப்படி வந்தது என்பதற்குக் காரணங்கள் உண்டு. மொழி மாதிரி என்பது கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கக் கற்ற கணிப்பொறி நிரல். 'பணிவான அலுவலகக் கடிதம்' என்று கேட்டால், அது பார்த்த கடிதங்களில் வழக்கமாக வரும் நலம் விசாரிப்பு, நன்றி, வருத்தம், ஒத்துழைப்பை நாடும் கடைசி வரி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இன்னொரு காரணம் பயிற்சியின் பிற்பகுதியில் இருக்கிறது. அங்கே மனித மதிப்பீட்டாளர்கள் இரண்டு பதில்களை ஒப்பிட்டு எது மேல் என்று சொல்கிறார்கள். நீளமான பதிலையே மேல் என்று தேர்ந்தெடுக்கும் சாய்வு இந்த முறையில் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

எல்லாப் பழியும் இயந்திரத்துக்கு உரியது அல்ல. நீட்டும் ஆசை மனிதரிடம் முன்பே இருந்தது. குறிப்பாக, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஊழியர்களுக்கு இரண்டு வரி ஆங்கிலம் பயத்தைத் தருகிறது. தமிழில் 'சார், நாளைக்குத் தந்துடறேன்' என்று சொன்னால் குரலிலேயே மரியாதை இருக்கிறது. அதையே ஆங்கிலத்தில் எழுதும்போது வெட்டென்று தெரியுமோ, மேலாளர் தவறாக எடுத்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வருகிறது. சென்னையிலும் கோவையிலும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும் ஆயிரக்கணக்கான இளைஞர்களின் அன்றாடத் தயக்கம் இது. எழுத்தின் நீளத்தை உழைப்பின் அளவாகப் பார்க்கும் மேலதிகாரிகளும் அதற்குத் தூபம் போடுகிறார்கள். தந்தி இருந்த காலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்பதால் அனுப்புகிறவரே வெட்டிச் சுருக்கினார். இந்தியாவில் அந்தச் சேவை 2013 ஜூலையில் நின்றது. மின்னஞ்சலில் நீளத்துக்கு விலை இல்லை. முன்பு உட்கார்ந்து தட்டச்சு செய்யும் சிரமமாவது ஒரு தடையாக இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

நீட்டிச் சுருக்கும் இந்தச் சுற்றில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஓர் எடுத்துக்காட்டு போதும். திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், ஜெர்மனியில் சரக்கு வாங்கும் பையருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம்: 'ஷிப்மென்ட் வியாழன் போகாது, திங்கள்தான் போகும். ஒரு நிறத்துக்கு மறுபடி சாயம் போட வேண்டியதாயிற்று. விமானத்தில் அனுப்பச் சொன்னால், அந்தச் செலவு யாருடையது என்று நாளைக்குள் சொல்லவும்.' இதில் ஒரு செய்தி, ஒரு காரணம், ஒரு கேள்வி, ஒரு கெடு இருக்கின்றன. நான்கும் முக்கியம்.

இதை நீட்டச் சொன்னால் முதல் பத்தியில் நலம் விசாரிப்பு வரும். இரண்டாம் பத்தியில் வருத்தம் வரும். மூன்றாம் பத்தியில், தரத்தில் சமரசம் செய்வதில்லை என்ற உறுதிமொழி வரும். 'இனி இப்படி நேராதபடி நடவடிக்கை எடுத்துவிட்டோம்' என்ற வாக்கியமும் சேரக்கூடும். மெர்ச்சண்டைசர் அப்படி எதையும் சொல்லவில்லை, நிறுவனம் அப்படி எந்த நடவடிக்கையும் எடுக்கவுமில்லை. செலவைப் பற்றிய கேள்வி நான்காம் பத்தியின் நடுவில், 'தங்கள் மேலான கருத்தை அறிய ஆவல்' என்ற அளவுக்கு மென்மையாகிவிடுகிறது. ஜெர்மனியில் சுருக்கும் இயந்திரம் இதைப் படித்து, 'சரக்கு திங்களுக்குத் தள்ளிப்போகிறது. தடுப்பு நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது' என்று சொல்லலாம். புறப்பட்ட கேள்வி போய்ச் சேரவில்லை, புறப்படாத வாக்குறுதி போய்ச் சேர்ந்துவிட்டது. பின்னால் தகராறு வந்தால் அந்த வாக்குறுதி எழுத்தில் இருக்கும், அதற்கு அனுப்பியவர்தான் பொறுப்பு.

இந்த இழப்புக்குக் கோட்பாட்டு விளக்கமும் உண்டு. தகவல் கோட்பாட்டின் தந்தை எனப்படும் கிளாட் ஷானன் 1948இல் வெளியிட்ட கட்டுரை அந்தத் துறைக்கு அடித்தளம். அதிலிருந்து வளர்ந்த கோட்பாட்டின் ஒரு முடிவு: கையில் வந்த செய்தியை எத்தனை முறை பதப்படுத்தினாலும், மூலத்தைப் பற்றி அதில் இல்லாத தகவலைக் கூட்ட முடியாது, இழக்கத்தான் முடியும். அனுப்புபவரின் மனதில் இருந்தது இரண்டு வரி என்றால், நான்கு பத்தியில் மீதி இருப்பது அனுப்புபவரைச் சேர்ந்தது அல்ல. சுருக்குகிற இயந்திரத்துக்கு எது அவருடையது, எது ஒட்டவைத்தது என்று தெரிய வழியில்லை.

சுருக்குவது எளிய வேலை என்ற எண்ணமும் தவறு. ஆஸ்திரேலியாவின் பத்திரங்கள் மற்றும் முதலீடுகள் ஆணையத்துக்காக 2024இல் ஒரு சோதனை நடந்தது. நாடாளுமன்ற விசாரணை ஒன்றுக்கு வந்த ஆவணங்களை ஊழியர்களும் லாமா 2 என்ற மொழி மாதிரியும் தனித்தனியே சுருக்கினார்கள். எது யாருடையது என்று சொல்லாமல் மதிப்பிடச் செய்தபோது மனிதச் சுருக்கங்கள் 81 சதவீதமும் இயந்திரச் சுருக்கங்கள் 47 சதவீதமும் பெற்றன. சோதனை சிறியது, மாதிரியும் இன்று பழையது. ஆனால் இயந்திரம் நுணுக்கத்தையும் சூழலையும் தவறவிட்டது என்ற குறை புதிய மாதிரிகளிலும் முழுதாகத் தீரவில்லை. 2025இல் ராயல் சொசைட்டியின் இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு பத்து மாதிரிகளின் ஏறத்தாழ 4,900 சுருக்கங்களைப் பார்த்தது. மூலக்கட்டுரை எச்சரிக்கையோடு சொன்னதை இயந்திரங்கள் பொதுவிதியாக அகலப்படுத்திவிடும் போக்கு அதில் தெரிந்தது. ஆப்பிளின் அறிவிப்புச் சுருக்கம் 2024 டிசம்பரில் பிபிசியின் பெயரில் பொய்யான தலைப்புச் செய்தியையே காட்டியது. பிபிசி புகார் செய்தது, மறுமாதம் ஆப்பிள் செய்திகளுக்கான அந்த வசதியை நிறுத்திவைத்தது.

இனி நேரக் கணக்கு. 2023இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு சோதனையில், பட்டம் பெற்ற 453 பணியாளர்களுக்கு எழுத்து வேலைகள் தரப்பட்டன. சாட்ஜிபிடியைப் பயன்படுத்தியவர்களுக்கு நேரம் 40 சதவீதம் குறைந்தது, தரம் 18 சதவீதம் உயர்ந்தது. நல்ல செய்திதான். ஆனால் அங்கே மிச்சமானது எழுதுகிறவரின் நேரம். அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சலை எழுதுபவர் ஒருவர், சிசியில் இருப்பவர்கள் பத்துப் பேராக இருக்கலாம். எழுதியவர் பத்து நிமிடம் மிச்சப்படுத்தி, பத்துப் பேரிடம் தலா மூன்று நிமிடம் பறித்தால் அலுவலகத்துக்கு நட்டம். 2025 செப்டம்பரில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் வெளியான ஒரு கணக்கெடுப்பு இந்தப் பக்கத்தைப் பார்த்தது. அமெரிக்காவில் 1,150 முழுநேர ஊழியர்களைக் கேட்டதில் 40 சதவீதம் பேர், பார்க்கப் பளபளப்பாக, உள்ளே சரக்கில்லாத இயந்திர எழுத்து கடந்த ஒரு மாதத்தில் தங்களுக்கு வந்ததாகச் சொன்னார்கள். அப்படி வந்த ஒவ்வொன்றையும் சரிசெய்யச் சராசரியாக ஏறத்தாழ இரண்டு மணி நேரம் போனதாம். அனுப்பியவர் மேல் இருந்த மதிப்பும் பலருக்குக் குறைந்திருந்தது.

பாதுகாப்பு இன்னொரு கவலை. அஞ்சல் பெட்டியில் உள்ள கடிதங்களை இயந்திரம் படிக்கிறது என்றால், முன்பின் தெரியாதவர் அனுப்பிய கடிதத்தையும் படிக்கிறது. அந்தக் கடிதத்துக்குள் இயந்திரத்துக்கான கட்டளையை ஒளித்துவைக்க முடியும். மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட்டில் 'எக்கோலீக்' என்ற ஓட்டை 2025 ஜூனில் வெளியே தெரிந்தது. பெறுகிறவர் எதையும் சொடுக்க வேண்டியதில்லை. கோபைலட் அந்தக் கடிதத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலே நிறுவனத்தின் உள்தகவல் வெளியேற வழி இருந்தது. மைக்ரோசாஃப்ட் அதை அடைத்துவிட்டது. வெளியார் கருவிகளில் அலுவலகக் கடிதங்களை ஒட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது. ஊழியர்கள் நிரல்களைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரிந்ததும் சாம்சங் 2023 மே மாதம் இத்தகைய கருவிகளைத் தடைசெய்தது. இந்திய நிதி அமைச்சகம் 2025 ஜனவரியில் தன் ஊழியர்களிடம் அலுவலகக் கணிப்பொறிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டது.

சில கடிதங்களில் இந்தக் கருவிக்கு இடமே இல்லை. 2023 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஓர் அலுவலகம் தன் மாணவர்களுக்கு ஆறுதல் மின்னஞ்சல் அனுப்பியது. சாட்ஜிபிடியின் உதவியோடு எழுதியது என்று அதன் அடியிலேயே குறிப்பு இருந்தது. மாணவர்கள் கொதித்தார்கள், பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. இரங்கல், பாராட்டு, மன்னிப்பு, பணிநீக்கம் ஆகியவற்றில் பெறுகிறவர் தேடுவது எழுதியவர் தனக்காகச் செலவிட்ட நேரத்தை.

கருவியை முழுதும் ஒதுக்க வேண்டும் என்பதல்ல. விடுப்பு முடிந்து வந்தவர், நாற்பது கடிதம் நீண்ட ஒரு தொடரில் தன் பெயர் எங்கே வருகிறது என்று தேட அது உதவும். ஆங்கில இலக்கணம் தடுமாறுகிறவருக்கும் எழுத்துக்கூட்டலில் சிரமப்படும் டிஸ்லெக்சியா உள்ளவருக்கும் அது பெரிய துணை. அவர்கள் அதனிடம் 'பிழையை மட்டும் திருத்து, எதையும் சேர்க்காதே' என்று கேட்கலாம். நீளமாக எழுதிவிட்ட வரைவை, அனுப்புவதற்கு முன் சுருக்கித் தரச் சொல்லலாம். இதுதான் சரியான இடம். சுருக்கம் சரியாக இருக்கிறதா, முக்கியமானது விடுபட்டதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவர் அனுப்புகிறவர் ஒருவரே. பெறுகிறவர் அதைச் சரிபார்க்க வேண்டுமானால் முழுக் கடிதத்தையும் படித்தாக வேண்டும். அப்போது சுருக்கத்தின் பயனே போய்விடுகிறது.

சுருங்க எழுதும் ஒழுங்கு அலுவலகங்களுக்குப் புதிதல்ல. அமெரிக்க ராணுவத்தில் முடிவை முதல் வரியிலேயே சொல்வது விதி. நம் அரசு அலுவலகக் கடிதங்களின் தலைப்பில் 'பொருள்', 'பார்வை' என்று இரண்டு வரிகள் இருப்பதும் அதே நோக்கத்துக்குத்தான். 1940 ஆகஸ்ட் 9 அன்று, பிரிட்டன் மீது ஜெர்மன் விமானங்கள் தாக்கிக்கொண்டிருந்தபோது, பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் தன் அமைச்சரவைக்கு ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்பினார். அறிக்கைகள் சிறு பத்திகளில் இருக்கட்டும், புள்ளிவிவரம் பின்னிணைப்பில் போகட்டும், வெற்றுத் தொடர்களை நீக்குங்கள் என்று அதில் கேட்டிருந்தார். கேட்டவர் பிரதமர் என்பதால், சுருக்கமாக எழுத யாரும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை. இன்றைய மேலாளர்களும் அதைச் செய்யலாம்: இரண்டு வரிக் கடிதம் மரியாதைக் குறைவு அல்ல என்று தங்கள் ஊழியர்களுக்கு எழுத்தில் சொல்லி, தாங்களும் இரண்டு வரியில் எழுதத் தொடங்க வேண்டும்.