நெல்லியடி: நகரும் நிலமும் நீரும்

யாழ்ப்பாணம்–பருத்தித்துறை வீதியில் சந்தியாகத் தோன்றி நகரமாக வளர்ந்தது நெல்லியடி. பருத்தித்துறையும் வல்வெட்டித்துறையும் நகரசபைகளைப் பெற்றிருக்க, இது இன்றும் பிரதேச சபையொன்றின் ஆளுகையிலேயே உள்ளது. வணிகத்தால் நகரம், நிருவாகத்தாற் கிராமம் என்னும் இம்முரண்பாட்டை மனங்கொண்டே இதன் நிலப்பயன்பாட்டை நாம் நோக்குதல் வேண்டும்.

2009இல் போர் முடிந்தபின் கட்டடங்கள் வீதியோரமாகவே நீண்டன. கடைவரிசைக்குப் பின்னே ஒழுங்கையாலன்றிப் புகமுடியாத வளவுகளும், உரியோர் புலம்பெயர்ந்தமையாற் பூட்டிய வீடுகளும் கிடக்கின்றன. ஊரோரத் தோட்டக் காணிகளோ வீட்டு நிலங்களாகத் துண்டாடப்படுகின்றன. உள்ளே வெற்றிடம் கிடக்க, நகரம் வெளியே விரிகின்றது.

இதற்கு உரிமைமுறையும் ஒரு காரணம். முதுசமும் சீதனமுமாகப் பிரிந்து காணி தலைமுறைதோறும் சிறுத்தது. 16 பரப்புக் கொண்ட ஏக்கர், உறுதிகளிற் குழிக்கணக்காயிற்று. விற்கும் பங்கை முதலில் வாங்கும் உரிமையைத் தேசவழமை கூட்டுப் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் அளிக்கின்றது. அவர்கள் பல நாடுகளிற் சிதறியுள்ள இன்று, பின்வளவுகளை ஒன்றுசேர்த்துத் திட்டமிடுதல் எளிதன்று.

ஆயினும், நெருங்கக் கட்டினால் நிலம் மிஞ்சும் என்னும் பொதுவிதியை இங்கு அப்படியே பொருத்தலாகாது. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக்கற் படையில் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே ஆதாரம். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தாங்கப்படும். மேலே 1 அடி நிலையாகக் குறையின் கீழே இழப்பதும் அவ்வளவே. கழிவுநீர்க் குழாய்த்தொகுதி இல்லாவிடத்து வீட்டுக்கொரு கிணறும் மலக்குழியும் வேண்டும். இரண்டுக்குமிடையே 50 அடி என்பது பழகிய கணக்கு. நகர அபிவிருத்தி அதிகாரசபை பொதுவாகக் கொள்ளும் ஆகக்குறைந்த துண்டோ 6 பேர்ச். சதுரமாயின் ஒரு பக்கம் ஏறத்தாழ 40 அடி! அயலவர் குழியைச் சொல்லவும் வேண்டுமோ? வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லில் அந்த 50 அடியும் உறுதியான காப்பன்று. தோட்ட உரத்தால் ஏலவே நைத்திரேற்றுக் கலந்த நீர் இது.

2024இல் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குடிநீருக்கு அது விடையாகலாம், கழிவுக்கு அன்று. குழாய்நீர் பெருகின் கழிவுநீரும் பெருகும். சாதியாற் காணியுரிமை மறுக்கப்பட்டோரின் வழிவந்தோருக்கே மிகச்சிறிய துண்டுகள் வாய்க்கின்றன. கெடும் கிணறும் முதலில் அவர்களுடையதே. ஆகவே சந்தியைச் சூழக் கழிவகற்றல் தொகுதி முதலில் வரவேண்டும் என்பது எமது கருத்து. மாடிகளுக்கும் சிறுதுண்டுகளுக்கும் அனுமதி அளித்தல் அதன் பின்னரே.